காற்றுக் குழாயின் உறை

சிரில் ஹப்பர்டுக்குப் புது ஆட்களைப் பிடிக்காது. சிரித்துக்கொண்டு வருகிற புது ஆட்களைச் சுத்தமாகப் பிடிக்காது. மார்ட்டின் லேசி சிரித்துக்கொண்டுதான் வந்தான்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை மதியம், தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற கூடத்தில் ஸ்கெல்பி மாடல் கழகம் கூடும். பதினாலு, பதினைந்து பேர் வருவார்கள். எல்லாரும் ஆண்கள், எல்லார் விரலிலும் காய்ந்த பசை. அவரவர் கட்டிய குட்டி விமானத்தை நீள மேசையில் வைத்துவிட்டு, அடுத்தவன் விமானத்தில் என்ன தப்பு என்று தேடுவார்கள். அதுதான் பொழுதுபோக்கே. இறக்கை கோணல், சக்கரம் பெருத்துப்போச்சு, இந்தப் பச்சை அந்தப் பச்சை இல்லை என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இதில் சிரிலை மிஞ்ச ஆள் கிடையாது. விமானப்படையில் பன்னிரண்டு வருஷம் தரை மெக்கானிக்காக இருந்தவர். அறுபத்திரண்டு வயதிலும் கண்ணாடி போடாமல் மாடலின் தகட்டில் இருக்கிற ரிவெட் ஆணிகளை எண்ணிவிடுவார். 'ரிவெட் எண்ணி' என்றே பேர். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை.

அன்றைக்குக் கழகச் செயலாளர் ரெஜ் டாப்சன்தான் புது ஆளின் தோளில் கைபோட்டு அழைத்து வந்தான்.

"ரிவெட் எண்ணி, இவர் மார்ட்டின் லேசி. கணக்கு வாத்தியார். டகோட்டா கட்டுறாராம். நீ டகோட்டாவோட குடும்பம் நடத்தினவனாச்சே, கொஞ்சம் பாத்துச் சொல்லு."

"வாத்தியாருக்கு நான் என்னத்தச் சொல்றது? நான் பதினாலு வயசுல பள்ளிக்கூடத்த விட்டவன்."

"விட்டியா, தொரத்தினாங்களா?"

"உன்னையப் பாத்துட்டு நானே ஓடி வந்துட்டேன்யா."

மார்ட்டின் சிரித்தபடி செருப்புப் பெட்டியைத் திறந்தான். பழைய பஞ்சுக்குள் டகோட்டா இருந்தது. இரட்டை எஞ்சின் போக்குவரத்து விமானம், அசலில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. உடம்பும் இறக்கையும் ஒட்டியாகிவிட்டது, வெள்ளி நிறம் அடித்தாகிவிட்டது. கைவேலை மோசமில்லை. ஒட்டின இடத்தில் கோடு தெரியாமல் தேய்த்திருக்கிறான். சிரில் மனசுக்குள் ஒரு மார்க் போட்டார், வெளியே சொல்லவில்லை.

பெட்டியின் அடியிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து மார்ட்டின் பக்கத்தில் வைத்தான். விமானத்தின் இடது பக்கம். கதவில் சாய்ந்து ஒரு பைலட், தொப்பியைப் பின்னால் தள்ளிவிட்டுச் சிரிக்கிறார். வாலில் எண் தெரிந்தது. கடைசி மூன்று இலக்கம் 417.

சிரில் அந்த எண்ணை இரண்டு தடவை படித்தார்.

"இது யாரு?" கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டார்.

"எங்கப்பா. டெரன்ஸ் வார்டில்."

"உம் பேரு லேசின்னாங்க."

"அம்மா வீட்டுப் பேரு. அது நடந்தப்புறம் அம்மா மாத்திட்டாங்க. எனக்கு அப்ப மூணு வயசு."

'அது' என்ன என்று அந்தக் கூடத்தில் யாரும் கேட்கவில்லை. ஸ்கெல்பிக்காரனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1951 பிப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பனிக்கட்டி மழையில் ஏறிய டகோட்டா ஒரு மைல் தாண்டவில்லை, சர்க்கரை பீட் வயலில் விழுந்து எரிந்தது. ஐந்து பேர் கரி. பைலட் குடித்திருந்தான் என்று ஊரே பேசியது. முப்பத்தைந்து வருஷம் கழித்து இப்போதும் மதுக்கடையில் அந்தப் பேச்சு வரும்.

"குடிச்சிருந்தார்னு சொல்வாங்க, தெரியும்," என்றான் மார்ட்டின். சிரிப்பு இன்னும் உதட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது, எடுக்க மறந்தவன் மாதிரி. "பள்ளிக்கூடத்துல பசங்க தள்ளாடி நடந்து காட்டுவானுங்க. அம்மா வீட்டுல அவர் பேரே எடுக்க மாட்டாங்க. அவர் நெசமாவே குடிச்சாரா இல்லையான்னு எனக்கு இன்னும் தெரியல. தெரிஞ்சவங்க ஒருத்தராவது உசுரோட இருப்பாங்களான்னு பாக்கறேன். அது இல்லாட்டியும் விமானத்தயாவது சரியாக் கட்டணும். அன்னிக்குக் காலைல எப்படி இருந்துச்சோ அப்படியே. ஏப்ரல் கண்காட்சில வைக்கணும்."

வலை வீசுகிறான் என்று சிரில் நினைத்தார். வாயை மூடிக்கொண்டு தேநீர் மேசைப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். ஒரு கால் நகரவும் செய்தது. அப்போதுதான் கண்ணில் பட்டது: மாடலின் இடது பக்கம், கதவுக்கு முன்னால், ஒரு சதுரம் சற்றுக் கறுப்பாக அடிக்கப்பட்டிருந்தது.

"இது என்ன கண்றாவி?"

"ஒட்டுத் தகடு. போட்டோவுல தெரியுது பாருங்க."

"அது ஏணி நிழல்யா! ஒட்டு வலது பக்கம். கடைசி சன்னலுக்குக் கீழ. சதுரம் இல்ல, மூலை உருட்டினது. பதினெட்டு ரிவெட். புதுத் தகடு, பளபளன்னு கெடந்துது, மத்ததெல்லாம் மங்கிப்போயிருந்துச்சு. திங்கக்கிழமை சாயங்காலம் நாந்தான அடிச்சேன்!"

தப்பான இடத்தில் ஒரு ஒட்டைப் பார்த்துவிட்டு இந்தக் கழகத்துக்காரன் எவனாலும் சும்மா இருக்க முடியாது. கொலைகாரனாக இருந்தாலும் திருத்திவிட்டுத்தான் ஓடுவான்.

ரெஜ் தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் கேட்டது.

மார்ட்டினின் சிரிப்பு இப்போது இல்லை. "திங்கக்கிழமை நீங்க அடிச்சீங்க. செவ்வாக்கிழமை காலைல விழுந்துச்சு. அப்ப அது உங்க விமானம்."

"விமானம் ராஜாவோடது. நான் தொடைச்சேன்."

"அன்னிக்குக் காலைல எங்கப்பாவப் பாத்தீங்களா?"

"பனிக்கட்டி மழை. எவன் மூஞ்சி தெரிஞ்சுது?"

மார்ட்டின் தலையாட்டினான். நம்பினானா இல்லையா தெரியவில்லை. பிறகு அவன் கேட்டது சிரில் எதிர்பார்க்காதது. "அந்த ஒட்டை நீங்களே போட்டுத் தர்றீங்களா மிஸ்டர் ஹப்பர்ட்? மூக்குக்குக் கீழ இருக்கற ரெண்டு காற்றுக் குழாயும் வேணும். கடைல வாங்கின கிட்டுல வந்தது கட்டை வெரல் மாதிரி இருக்கு."

"சிரில் டாக்டர் போடற ஊசில பண்ணுவான். இங்கிலாந்துலயே அவன அடிச்சுக்க ஆள் இல்ல," என்றான் ரெஜ், கேட்காத கேள்விக்குப் பதிலாக.

மாட்டேன் என்றால் ஏன் என்பார்கள். சிரில் பெட்டியை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

ஒட்டை அன்றைக்கே முடித்துவிட்டார். சிகரெட் பெட்டியின் ஈயத்தாள், குண்டூசி முனை, பதினெட்டுப் புள்ளி. கை தானாகச் செய்தது. காற்றுக் குழாய்தான் மூன்று வாரம் இழுத்தது.

டகோட்டாவின் மூக்குக்கு அடியில் இரண்டு குழாய்கள் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கும்போது அதற்குள் காற்று புகுந்தால்தான் பைலட்டுக்கு என்ன வேகம் என்று முள் காட்டும். வேகம் தெரியாமல் மழைக்குள் ஏறினால் விமானம் விழுந்துவிடும். தரையில் நிற்கும்போது பூச்சி, பனி போகாமல் கித்தான் உறை மாட்டுவார்கள். மறந்துவிடக் கூடாது என்று உறையில் ஒரு முழம் சிவப்புத் துணி தொங்கும். ஏறுவதற்கு முன் அதைக் கழற்றுவது மெக்கானிக் வேலை.

அன்றைக்குச் சிரில் கழற்றினார். அது சத்தியம். ஏழு மணிக்குக் கழற்றினார். ஏழேகாலுக்கு, மழை வலுத்துவிட்டது, நாற்பது நிமிஷம் பொறுக்கச் சொன்னார்கள். குழாய்க்குள் பனிக்கட்டி போகுமே என்று மறுபடி மாட்டினார். அதுவும் சரியான வேலைதான். பிறகு திடீரென்று கிளம்பு கிளம்பு என்று கத்தினார்கள். விரல் பத்தும் மரத்துப்போயிருந்தது. ஈரத்தில் சிவப்புத் துணி குழாயோடு சுருண்டு ஒட்டிக்கொண்டது. அவர் தலையில் இருந்தது ஏழு மணிக்குக் கழற்றின ஞாபகம் மட்டும்.

பைலட் வார்டில் காலரைத் தூக்கிவிட்டபடி ஓடி வந்தார். "உறையெல்லாம் எடுத்தாச்சா ஹப்பர்ட்?"

"எடுத்தாச்சு சார்."

வயலுக்கு அனுப்பின ஆட்களில் சிரிலும் இருந்தார். இறக்கையும் வாலும் எரிந்துகொண்டிருக்க, மூக்கு மட்டும் தனியாகப் பிய்ந்து சேற்றில் கிடந்தது. குழாய் இரண்டும் இருந்தன. உறை இரண்டும் இருந்தன. யாரும் பார்க்கவில்லை. பிடுங்கிப் பூட்ஸுக்குள் செருகிக்கொண்டார்.

விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று அதிகாரிகள். உறை எடுத்தாயா? எடுத்தேன் சார். அதோடு விட்டிருக்கலாம். பைலட் எப்படி இருந்தார் என்று ஒருவர் சும்மா கேட்டார், காகிதத்தைப் புரட்டிக்கொண்டே. சிரில் சொன்னார்: "கொஞ்சம் வாசம் அடிச்சுது சார்."

யாரும் அவரை அதைச் சொல்லச் சொல்லவில்லை. அவராகச் சொன்னது.

ஒரு உறையைக் கொதிகலனில் போட்டார். இன்னொன்றையும் போட்டார், ஆனால் சிவப்புத் துணியில் ஒரு விரல் நீளம் பிய்த்து வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டால் அவருக்கே தெரியாது. புகையிலை டப்பாவில் இருந்தது. பெண்டாட்டி உயிரோடு இருந்த காலத்தில் ஒருமுறை இது என்ன என்று கேட்டாள். விமானத் துணி என்றார். அவள் அதற்கு மேல் கேட்கிற ரகம் இல்லை.

பைலட்டும் சுற்றி வந்து பார்க்க வேண்டியதுதானே என்று இத்தனை வருஷம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அது விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் வாசம் அடித்தது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நாலாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, சமையலறைச் சன்னலோரம் உட்கார்ந்தார். ஊசியை அரத்தால் அறுத்து, முனையைத் தேய்த்து, வளைத்து, சாமணத்தால் பிடித்து மூக்கடியில் ஒட்டினார். இரண்டும் நேராக இருந்தன. அழகாகவே இருந்தன. அப்படியே பெட்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்திருந்தால் முடிந்தது.

டப்பாவைத் திறந்தார். மெல்லிய காகிதத்தை நனைத்துக் குழாய் மேல் சுற்றி உறை செய்தார். துணியிலிருந்து இரண்டு இழை உருவினார். இவ்வளவு சின்ன மாடலுக்கு அசல் துணி ஆகாது, கயிறு மாதிரி தெரியும். காகிதத்தைச் சிவப்பாக்கித்தான் ஒட்டணும், கழகத்தில் குழந்தைக்கும் தெரியும். இருந்தும் இழையைத்தான் ஒட்டினார். வாயால் சொல்ல வராது என்று அவருக்குத் தெரியும். கை சொல்லிவிட்டால் போகட்டும்.

கண்காட்சியன்று காலை ரெஜ்தான் பெட்டியை வாங்கிப் போய் மேசையில் வைத்தான். மார்ட்டின் வாசலில் நுழைவுச்சீட்டு கிழித்துக்கொண்டிருந்தான். பறக்கிற நிலையில் ஒரு தாங்கியின் மேல் டகோட்டா நின்றது. சக்கரம் உள்ளே, காற்றாடி சுற்றுகிற மாதிரி கண்ணாடித் தகடு, உள்ளே அரிசி அளவு பைலட். மேலிருந்து பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நடுவர்கள் முகம் பார்க்கிற குட்டிக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு அடிப்பக்கம் பார்ப்பார்கள், தொடக் கூடாது. அன்றைக்கு நடுவரான ரெஜ் கண்ணாடியை நீட்டினான், குனிந்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். பிறகு வெடித்துச் சிரித்தான்.

"எல்லாரும் வாங்கய்யா! ரிவெட் எண்ணி கோட்டை விட்டுட்டான்! வானத்துல பறக்குது, மூக்குல ஜட்டி மாட்டியிருக்கு!"

கூட்டம் சேர்ந்தது. "வயசாயிடுச்சு சிரிலுக்கு." "துணி வேற தாம்புக் கயிறு மாதிரி." "பைலட் எப்படிய்யா வேகம் பாப்பான்? எச்சில் துப்பிப் பாப்பானா?" ரெஜ் சீட்டில் எழுதினான்: பறக்கும் விமானத்தில் உறை, ஐந்து மார்க் குறைவு.

சிரில் சுவரோரம் நின்றார்.

மார்ட்டின் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவனும் முதலில் சிரித்தான். "மிஸ்டர் ஹப்பர்டா? தப்பா? இருக்கவே..." என்று ஆரம்பித்தான். டார்ச்சை வாங்கிக் குனிந்தான்.

குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. முழு ஒரு நிமிஷம் இருக்கும். ஒட்டு சரியான இடத்தில் இருந்தது. பதினெட்டு ரிவெட்டும் இருந்தது. அன்றைக்குக் காலை எப்படி இருந்ததோ அப்படியே என்றுதான் அவன் கேட்டிருந்தான். எழுந்து சிரிலைப் பார்த்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"வெளிய வாங்க."

கார் நிறுத்துமிடத்தில் கடற்காற்று ஆளைத் தள்ளியது.

"ரெண்டுமா?" என்றான் மார்ட்டின்.

"ரெண்டும்."

"பைலட்டும் பாக்கணுமே."

"எடுத்தாச்சான்னு கேட்டார். எடுத்தாச்சு சார்னு சொன்னேன்."

மார்ட்டின் காரின் மேல் கை ஊன்றிக்கொண்டான். "குடிச்சிருந்தாரா?"

"பல் வெளக்கின வாசம்தான் வந்துச்சு. புதினா."

"அப்ப அத யாரு..."

"நாந்தான்."

அடிப்பான் என்று சிரில் நினைத்தார். அடித்தால் நல்லது என்றும் நினைத்தார். அவன் உள்ளே போய் டகோட்டாவைப் பெட்டியில் வைத்து எடுத்து வந்து கார்க் கதவைத் திறந்தான். "ஏறுங்க."

"எங்க?"

"அம்மாகிட்ட."

"நீயே சொல்லிடுப்பா. நான் எதுக்கு..."

"நான் சொன்னா நான் கட்டின கதைம்பாங்க. சின்னதுலேர்ந்து நான் கட்டாத கதையா? ஏறுங்கய்யா!"

அந்த அம்மாள் மார்ஜரி லேசி, நகராட்சி வரிசை வீட்டில் தனியாக இருந்தார். மின் அடுப்பில் ஒரு கம்பி மட்டும் சிவந்திருந்தது. டிவியில் சத்தமில்லாமல் குதிரை ஓடியது.

"யாருடா இது, இன்சூரன்சா? நான் ஒண்ணும் எடுக்கல."

"இல்லம்மா. இவர் பேசணுமாம்."

சிரில் தொப்பியைக் கழற்றினார். உட்காரச் சொல்லவில்லை, நின்றபடியே சொன்னார். பேர் சொன்னார், படை எண் சொன்னார், பிறகு மீதியைச் சொன்னார். உறை, மழை, எடுத்தாச்சு சார், வயல், பூட்ஸ், வாசம். பத்து வாக்கியம்கூட இருக்காது. முப்பத்தைந்து வருஷம் மலை மாதிரி கனத்தது, சொன்னபோது பத்து வாக்கியம்தான்.

அந்த அம்மாள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். குதிரை ஒன்று ஜெயித்தது.

"முந்தின ராத்திரி சண்டை," என்றார். "கரி வாங்கல, அதுக்கு ஒரு சண்டை. கதவச் சாத்திட்டுப் போனார். குடிக்கத்தான் போறார்னு நெனைச்சேன். நீ சொன்னதப் படைக்காரங்க வந்து சொன்னப்ப, ஆமான்னு நம்பிட்டேன். ஒரு நொடிகூட சந்தேகப்படல."

அந்த அம்மாள் டிவியை அணைத்தார்.

"செத்த மத்த நாலு பேரோட பொண்டாட்டிங்களும் வாசல்ல வந்து நின்னாங்க. ஒருத்தி மாசமா இருந்தா. நான் முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டேன். தேவாலயத்துல நாலு பேருக்குக் கல்லு வெச்சப்ப அவர் பேரும் வெட்டட்டுமான்னு பாதிரியார் கேட்டார். வேணாம்னு சொன்னது நாந்தான்."

"அம்மா," என்றான் மார்ட்டின்.

"நீ சும்மா இரு. அதக் கொண்டா."

அவன் டகோட்டாவை மடியில் வைத்தான். அந்த அம்மாள் அதைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தார். சிவப்பு இழையை ஆள்காட்டி விரலால் தொட்டார். கொஞ்சம் அழுத்திவிட்டார். ஒரு குழாய் பட்டென்று ஒடிந்து விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

"நான் சரி பண்ணித் தர்றேன்," என்று சிரிலுக்கு வாய் வந்துவிட்டது.

அந்த அம்மாள் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். கோபம் என்று சொல்ல முடியாது. ஒரு கதவைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "நீ எதையும் சரி பண்ண வேணாம். மார்ட்டின், நீ போய் கார்ல உக்காரு."

"அம்மா, இவர நான் கூட்டிட்டுப் போய்..."

"போடான்னா போ."

கதவு சாத்திய பிறகு எதிரே இருந்த நாற்காலியைக் காட்டினார். சிரில் உட்கார்ந்தார்.

"அவர் ஓடி வந்ததுலேர்ந்து சொல்லு. என்ன போட்டிருந்தார்?"

"பெரிய கோட்டு. காலரத் தூக்கிவிட்டிருந்தார்."

"கழுத்துல மப்ளர்?"

"சாம்பல் கலர்."

"நான் பின்னினது. அப்புறம் என்ன கேட்டார்? எப்படிக் கேட்டார்? கோவமாவா?"

"இல்லம்மா. சாதாரணமாத்தான். உறையெல்லாம் எடுத்தாச்சா ஹப்பர்ட்னு கேட்டார்."

"நீ?"

சிரில் கையிலிருந்த தொப்பியைத் திருப்பினார். "எடுத்தாச்சு சார்னு சொன்னேன்."

அந்த அம்மாள் ஒடிந்த குழாயை விரலில் வைத்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். வெளியே மார்ட்டின் காரின் எஞ்சினைப் போட்டான், கொஞ்ச நேரம் ஓடவிட்டு அணைத்தான்.

"மறுபடியும் சொல்லு," என்றார். "ஓடி வந்ததுலேர்ந்து."

சிரில் சொன்னார். முடித்ததும் அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமல், "மறுபடியும்," என்றார்.